இணையவழிப் பகுதிநேர ஆசிரியர்

பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணியில் இல்லாமல், மதிப்பூதியத்துக்கு இணையவழிப் பாடம் நடத்துபவர். இந்தியாவில் இம்முறையின் வேர் தொலைநிலைக் கல்வி. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்கம்பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களையே பகுதிநேர ஆலோசகர்களாக அமர்த்தியது.

இவர்களுக்கு ஆதரவு என்றாலே மென்பொருள் பயிற்சி என்று நினைப்பது வழக்கம். ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது ஊதியக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல், இவர்களைப் போலவே நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சம் என்று வகுத்தது; எத்தனை மாநிலங்கள் அதைத் தருகின்றன என்பது வேறு கதை. அங்கே அளவுகோல் வகுப்பு. இணையவழிக் கல்விக்கான அதே குழுவின் 2020 விதிமுறைகளோ ஒரு பாடத்துக்குக் காணொளி, மின்பாடம், கலந்துரையாடல், சுயமதிப்பீடு என நான்கு கூறுகளைக் கேட்கின்றன. வாலாஜாபாத்தில் வீட்டிலிருந்தபடி இரவில் ஒப்படைப்புகளைத் திருத்தி, கைப்பேசியில் வரும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுபவரின் நேரம் வகுப்புக் கணக்கில் ஏறுவதில்லை. ‘வேறு வேலை உள்ளவர்தானே’ என்பார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு அது பொருந்தலாம். இரண்டு மூன்று கல்லூரிகளில் ஓடி ஓடிப் பிழைப்பவருக்குப் பொருந்தாது. இந்த நேரத்துக்கும் ஊதியம் தந்தால் செலவு கூடும் என்பது வலுவான மறுப்புதான். ஆனால் பகுதிநேர ஆசிரியர்களை நம்பியே வளர்ந்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2022இல் அவர்களை நிரந்தர ஒப்பந்தத்துக்கு மாற்றியது.