கூடைப்பந்தில் கண்ணுக்கான பயிற்சி: வேடசந்தூர்ப் பள்ளி மாணவர்களை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வகுத்த கூடைப்பந்தாட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றியதில், சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. வேடசந்தூரை உள்ளடக்கிய திண்டுக்கல் சமவெளிக்காரர்களுக்கு இந்த ஆட்டம் அந்நியமன்று. அருகிலுள்ள பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதங்களில் நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

அண்மைக் காலமாக உடற்கல்வி ஆய்வுகளில் ‘விஷுவல் டிரெய்னிங்’ அடிக்கடி பேசப்படுகிறது. கண்ணைப் பழக்கினால் ஆட்டம் மேம்படுமா என்பதே கேள்வி. கோர்ட்டில், பந்தும் வளையமும் எதிராளியும் இருக்கும்போது பழக்கினால் மேம்படும். வகுப்பறையில் எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு பழக்கினால் மேம்படாது. இதுவே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. கூர்மையான பார்வை மட்டும் போதுமா?

ஆப்பிள்கேட் என்ற ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. இளம் கூடைப்பந்து வீரர்களின் பார்வையை லென்ஸ் போட்டுப் படிப்படியாக மங்கலாக்கி, நின்ற இடத்திலிருந்து எறியச் சொன்னார்கள். பார்வை நன்றாக மங்கிய பிறகும் எறிதல் பெரிதாகக் கெடவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வளையம் 3.05 மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் போர்டுக்கும் இடையே எப்போதும் 4.6 மீட்டர்தான். நகராத குறியை மங்கலாகப் பார்த்தாலும் உடம்புக்கு அந்தத் தூரம் பழகிவிடுகிறது.

இதை வைத்துக் கண்ணாடி தேவையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேகமாக வரும் பாஸைப் பிடிப்பதும், மூலையில் தனியாக நிற்கும் சக வீரனைக் கண்டுகொள்வதும் வேறு வேலை. அங்கே மங்கல் பார்வை காலை வாரிவிடும்.

ஆனால் அந்த வேலைக்கும் கூர்மை மட்டும் போதாது. ஆலர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980இல் ஆட்டக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆட்டப் படங்களைச் சில நொடிகள் மட்டும் காட்டி, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார்கள். தாக்குதல் ஒழுங்காக அமைந்த படங்களை ஆட்டக்காரர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒழுங்கில்லாமல் ஆட்கள் சிதறி நின்ற படங்களில் அந்த மேன்மை காணாமல் போனது. தேர்ந்த வீரனின் கண் மற்றவர் கண்ணைவிட உயர்ந்த கருவியன்று. எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஆட்டம் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

3. அட்டையும் மணிக்கயிறும்

மணிகள் கோத்த கயிற்றின் ஒரு முனையை மூக்கருகே பிடித்து ஒவ்வொரு மணியாகப் பார்ப்பது, எழுத்து அட்டைகளுக்கிடையே பார்வையை மாற்றி மாற்றி ஓட்டுவது போன்றவை பொதுக் கண் பயிற்சிகள். கண்கள் ஒன்றுகூடி நோக்குவதில் குறை உள்ளவர்களுக்கு இவற்றில் சிலவற்றை மருத்துவ முறையில் தருவதுண்டு. அது சிகிச்சை, ஆட்டத் திறனை வளர்ப்பது என்பது வேறு.

அபர்நெதியும் வுட்டும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. இரண்டு குழுக்கள் நான்கு வாரம் இத்தகைய பயிற்சிகளைச் செய்தன. இன்னொரு குழு டென்னிஸ் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தது. மற்றொன்று ஆட்டப் பயிற்சியை மட்டும் செய்தது. முடிவில் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியிருக்கவில்லை. அதே சோதனைகளை இரண்டாம் முறை செய்யும்போது சிலவற்றில் எல்லாக் குழுக்களுக்கும் மதிப்பெண் சற்றுக் கூடியது, அவ்வளவே.

4. பந்து கையை விட்டுப் போகும் முன்

பலன் கிடைத்தது வேறிடத்தில். ஜோன் விக்கர்ஸ் 1996இல் ஃப்ரீ த்ரோ எறியும் தேர்ந்த வீராங்கனைகளின் கண்ணசைவைப் பதிவுசெய்தார். சிறப்பாக எறிபவர்கள், எறியும் அசைவு தொடங்குமுன் வளையத்தின் ஒரே இடத்தில் பார்வையை நிறுத்தி, மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் அங்கேயே வைத்திருந்தார்கள். இதற்கு அவர் தந்த பெயர் ‘க்வயட் ஐ’.

2001இல் ஹார்லும் விக்கர்ஸும் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு இதையே பயிற்சியாக்கினார்கள். பந்தை மூன்று முறை தட்டும்போது மனத்துக்குள் ஒரு சிறு தொடரைச் சொல்ல வேண்டும். பிறகு பந்தைப் பிடித்து, வளையத்தின் ஒரு புள்ளியில் ஒன்றரை நொடி போலப் பார்வையை ஊன்ற வேண்டும். அதன்பின் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். மேலே எழும் பந்து பார்வையை மறைத்தால் மறைக்கட்டும். முதல் பருவத்தில் சோதனைக்கூடத்தில் முன்னேற்றம் தெரிந்தது, போட்டிகளில் தெரியவில்லை. இரண்டாம் பருவம் முடிந்தபோது போட்டிகளில் அந்த அணியின் ஃப்ரீ த்ரோ வெற்றி 54 விழுக்காட்டிலிருந்து 76க்கு மேல் உயர்ந்திருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட அணிகள் இந்த அளவுக்கு உயரவில்லை.

நெதர்லாந்தின் ஔடெயான்ஸ் குழுவினர் ஜம்ப் ஷாட்டில் வேறொன்றைக் கண்டார்கள். நினைத்த நொடியில் பார்வையை மறைக்கும் கண்ணாடியை அணிவித்து எறியச் சொன்னதில், கடைசி நொடிப் பார்வை மட்டும் கிடைத்தாலே பலர் ஏறக்குறைய வழக்கம்போல் எறிந்தார்கள். முன்கூட்டிப் பார்த்த பார்வை அந்த அளவுக்கு உதவவில்லை.

விக்கர்ஸின் முடிவும் இதுவும் முரண்படுவதுபோல் தோன்றும். விடை எறியும் பாணியில் இருக்கிறது. பந்தைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதன் அடியாக வளையத்தைப் பார்த்து எறிபவருக்குக் கடைசிப் பார்வைதான் பிடிமானம். நெஞ்சருகிலிருந்து தூக்கி எறிபவருக்குப் பந்து முகத்தைக் கடக்கும்போது வளையம் மறைந்துவிடும். அவர் முன்னதாகவே பார்த்து முடித்திருக்க வேண்டும்.

நம் பயிற்சியாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆறாம் வகுப்புப் பிள்ளை வளர்ந்த ஆண்களுக்கான ஏழாம் எண் பந்தை நெஞ்சிலிருந்துதான் தள்ளும். கைக்கு அதற்கு மேல் வலு இல்லை. அந்தப் பிள்ளையிடம் “கடைசி வரைக்கும் ரிங்கைப் பாரு” என்று கத்துவதில் பயனில்லை. முதலில் ஐந்தாம் எண் பந்தைக் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால், எறியத் தொடங்குமுன் நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

5. வேடசந்தூர்த் தரையில்

எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவர்கள், நூற்பாலை ஷிப்டுக்குப் போகும் பெற்றோர்: இந்தச் சூழலில் விலையுயர்ந்த கண்ணசைவுக் கருவிகளைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. தேவைப்படுவது பெயின்ட், வலை, ஒரு விசில்.

திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில் போர்டின் உள்கட்டம், அதாவது 59 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட செவ்வகம், வெயிலில் வெளிறிவிடும். பக்கவாட்டிலிருந்து போர்டில் அடித்து எறிபவருக்குக் கண் ஊன்ற வேறு இடமில்லை. வலை கிழிந்துபோன வளையத்தில் பந்து உள்ளே விழுந்ததா, ஓரத்தை உரசிக்கொண்டு வெளியே போனதா என்று தொலைவிலிருந்து தெரியாது. எறிதலின் பலன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் திருத்திக்கொள்ள வழியே இல்லை. கோர்ட் கிழக்கு மேற்காக அமைந்திருந்தால் மாலைப் பயிற்சியில் ஒரு பக்க அணிக்குச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். வடக்குத் தெற்காக அமைப்பதே நல்லது. ஆடிக் காற்றில் புழுதி கிளம்பும் நாட்களில் தூர எறிதலைத் தள்ளிவைத்துப் பாஸிங் பழக்கலாம்.

ஆட்டத்தைப் படிக்கும் கண்ணுக்கு விசில் போதும். விளையாட்டின் நடுவே பயிற்சியாளர் விசில் அடிக்க வேண்டும். எல்லோரும் அப்படியே நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவன் தன் அணியின் மற்ற நால்வரும் நிற்கும் திசையைக் கையால் காட்ட வேண்டும். கண் திறந்ததும் எங்கே தவறினான் என்பதை அவனே பார்த்துக்கொள்வான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கண் பரிசோதனை. அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்குச் சோதனையும் கண்ணாடியும் கிடைக்கின்றன. பந்து பட்டு உடையும் என்று பயந்து கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டு ஆடும் பிள்ளைகளுக்கு, தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் எலாஸ்டிக் பட்டையும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸும் இருப்பதை யாராவது சொல்ல வேண்டும்.

6. ஆய்வேடு எழுதுவோருக்கு

நம் உடற்கல்வி ஆய்வேடுகளில் பழக்கமான அமைப்பு ஒன்று உண்டு: பன்னிரண்டு வாரப் பயிற்சி, முன் சோதனை, பின் சோதனை, எதுவும் செய்யாத கட்டுப்பாட்டுக் குழு. எதுவுமே செய்யாத குழுவோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் பலன் தந்ததாகத் தோன்றக்கூடும். முன் சோதனைக்கும் பின் சோதனைக்கும் இடையே மதிப்பெண் கூடியதை மட்டும் நம்பக் கூடாது என்பதை அபர்நெதி, வுட் ஆய்வு காட்டியது. பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்தியிருந்தால் ஹார்ல், விக்கர்ஸ் ஆய்வும் போட்டிகளில் பலனைக் கண்டிருக்காது.

இத்துறையில் ஆய்வு செய்ய வருபவர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே நேரம், அதே அளவு பந்துப் பயிற்சி கொடுங்கள். எறிதலைச் சோதனை நாளில் மட்டும் எண்ணாமல் மண்டல, மாவட்டப் போட்டிகளிலும் எண்ணுங்கள். இரண்டு பருவமாவது பின்தொடருங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக எல்லோருடைய கண்ணையும் சோதித்துவிடுங்கள்.