தெளிச்சேரி: நகருக்குள் ஒரு வயலூர்

காரைக்கால் என்றதும் தமிழறிந்தார் நெஞ்சில் முதலில் எழுவது அம்மையாரின் பெயர். அடுத்து எழுவது கடற்றுறை. பரமதத்தன் மாங்கனிகளைக் கொடுத்தனுப்பிய இல்லமும், அவன் மரக்கலமேறிச் சென்ற கடலும் பெரியபுராணத்தால் நிலைபேறு பெற்றன. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழா அவ்வணிக நகரின் நினைவை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. ஆனால் அவ்வணிகர்க்குச் சோறளித்த வயல்களின் வரலாறு அதே அளவில் பேசப்படவில்லை. அவ்வரலாற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் ஒன்று நகருக்குள் இருக்கிறது. அதுவே கோயிற்பத்து.

ஊரும் பெயரும்

அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது காரைக்கால். அந்நகராட்சியின் எல்லைக்குள் அடங்கிய கோயிற்பத்தை மக்கள் கோவில்பத்து என வழங்குவர். ‘பற்று’ என்னும் சொல்லுக்கு வயல் என்றும், மருதநிலத்து ஊர் என்றும் பொருளுண்டு. அச்சொல்லே ‘பத்து’ எனத் திரிந்தது எனக் கொண்டால், கோயிலைச் சார்ந்த வயல் என்பதே ஊர்ப்பெயரின் பொருளாகும். இதனினும் பழைய பெயர் திருத்தெளிச்சேரி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். அப்பதிகம் இரண்டாம் திருமுறையில் அமைந்துள்ளது.

சோழநாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் பரவியபோது, இறைவன் உழவனாக வந்து விதை தெளித்தான் என்பது தலவரலாறு. இங்குள்ள பார்வதீசுவரர் கோயிலில் விதை தெளி விழா அதனை நினைவூட்டுகிறது. தலபுராணச் செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் சொல் ஒரு சான்று. காவிரிப் படுகையில் நெல் இருவகையாகப் பயிரிடப்படுகிறது. நாற்றங்காலில் வளர்த்துப் பறித்து நடுதல் ஒருவகை; வயலில் நேரே விதையைத் தூவுதல் மற்றொருவகை. பின்னதை உழவர் ‘தெளிப்பு’ என்பர். நடவுக்கு நீர் உரிய காலத்தில் வந்தாக வேண்டும். நீரின் வரவு உறுதியில்லாத இடத்தில் உழவன் நாடுவது தெளிப்பையே. ஆகவே, இவ்வூர்க்கதை போற்றுவது வளத்தில் திளைத்த வேளாண்மையை அன்று. நீருக்குக் காத்திருந்த வேளாண்மையை என்பது நோக்கத்தக்கது.

பிரெஞ்சுக்காரரும் நெல்லும்

1738இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி காரைக்காலைப் பிரெஞ்சுக்காரருக்குத் தர இசைந்து, பின்னர் மறுத்தார். சந்தா சாகிபின் துணையால் 1739இல் அது புதுச்சேரி ஆளுநர் துய்மாவின் வசமாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் சுற்றியிருந்த நெல்விளை ஊர்கள் பலவும் அதனொடு சேர்ந்தன. 1760இல் ஆங்கிலேயர் காரைக்காலைக் கைப்பற்றினர். பலமுறை கைமாறிய பின்னர், 1817இல் அது நிலையாகப் பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. அதற்குள், 1799இல், தஞ்சை நாடு ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டுவிட்டது. வயல் பிரெஞ்சு மண்ணில். அதற்கு நீர்தரும் ஆறுகளின் தலைப்போ ஆங்கிலேயர் மண்ணில். இப்பகுதி உழவனின் இடர்ப்பாடு இவ்வெல்லைக் கோட்டில் வேர்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால் துறை தஞ்சைத் தரணியின் வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. இலங்கைக்கு அரிசி மிகுதியாகச் சென்றது. மலாய்க் கடற்கரைக் குடியேற்றங்களுக்கும் ஓரளவு சென்றது. அதே காலத்தில், ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்களும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து புறப்பட்டன. ரெயூனியனுக்கு ஆளனுப்புவதை 1882இலும், கரிபியத் தீவுகளுக்கு அனுப்புவதை 1888இலும் பிரித்தானிய இந்திய அரசு நிறுத்தியது. நெல் மூட்டை ஏறிய துறையிலேயே நெல்லை நட்ட கைகளும் ஏறின. நிலமில்லாத உழவுத் தொழிலாளியின் வாழ்வு அறுவடைக் கூலியை நம்பியது. விளைச்சல் பொய்த்தால் அவனுக்குக் கடலே வழியாயிற்று.

கடைமடையின் கணக்கு

1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி நிறைவுற்றது. கொடி மாறியதே தவிர, கடைமடை கடைமடையாகவே நின்றது. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராசன் ஆறு எனப் பல கிளைகள் இங்கு வந்தும், அவை அனைத்தும் தஞ்சைத் தரணியைக் கடந்தே வருகின்றன. மேட்டூர் அணையில் திறக்கும் நீர் இங்கு இறுதியாக வந்து சேர்கிறது. கார்த்திகை மழையின் வடிநீரோ மேலூர்களிலிருந்து இவ்வழியே கடலுக்குப் பாய்கிறது. நீர் வேண்டும்போது வறட்சி, வேண்டாதபோது வெள்ளம்.

1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம், 1991இன் இடைக்கால ஆணையில் காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. நீர் விடப் பணித்தது. 2007இன் இறுதித் தீர்ப்பு, மொத்தம் 740 டி.எம்.சி.யில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018இல் உச்சநீதிமன்றம் அதனை மாற்றவில்லை. நூற்றில் ஒரு பங்கும் நிறையாத இந்நீரையே நம்பிக் குறுவையும் சம்பாவும் நிற்கின்றன. சம்பா அறுவடைக்குச் சின்னாட்கள் முன்னர், நிற்கும் பயிரினூடே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கப்படும். அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சிய ஈரத்தில், வேறு நீரின்றி அவை விளையும். நெல் கடனை அடைக்கும். பயறு கையில் காசு தரும். நீர் தாழ்த்து வரும் ஆண்டுகளில் நடவு குறைந்து, நேரடி விதைப்பு பெருகுகிறது. தலபுராணத்து இறைவனின் செயலே உழவனுக்கு மீண்டும் வழியாகிறது.

வயலும் மனையும்

நகரை ஒட்டிய வயலுக்கு இரு விலைகள் உண்டு. ஒன்று விளைச்சலால் அளக்கப்படுவது. மற்றொன்று சதுர அடியால் அளக்கப்படுவது. பின்னது பெருகப் பெருக வயலூர் மனையூராகிறது. வாய்க்கால் ஒன்று தூர்ந்தால் அதன் கீழுள்ள வயல்கள் யாவும் நீரிழக்கும். ஆகவே ஒருவர் மனையாக்குவது அவர் ஒருவரோடு முடிவதில்லை. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் கை தமிழக எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆறு ஒன்றே, மண் ஒன்றே, 1739இல் விழுந்த கோடு இன்றும் வயலைப் பிரிக்கிறது.

அண்மையிலுள்ள திருமலைராயன்பட்டினத்தில் காளமேகம் வசைபாட மண்மாரி பெய்தது என்பது புலவர் மரபுக் கதை. இந்நாளில் வயல்களை மூடும் மண் வானிலிருந்து வருவதில்லை, லாரிகளில் வருகிறது. அதற்கு எந்தப் புலவரின் வசையும் தேவைப்படவில்லை. மாங்கனியையும் மரக்கலத்தையும் பாடிய தமிழ், விதை தெளித்த கையையும் பாடக் கடமைப்பட்டுள்ளது. தெளிப்பதற்கு நிலம் இருக்கும்போதே தெளிச்சேரி என்னும் பெயருக்குப் பொருள் இருக்கும்.