புனுகுக்காகக் கடல் கடந்த விலங்கு

திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்ததும் மூலவர் திருமேனியில் புனுகுத் தைலம் பூசுவது பழைய வழக்கம். அந்த மணத்தைத் தருவது புனுகுப் பூனை. பிறப்புறுப்பை ஒட்டிய பையில் சுரக்கும் வெண்ணெய் போன்ற பொருளைக் கல்லிலும் மரத்திலும் தேய்த்து, தன் நடமாட்டத்தை மற்ற புனுகுப் பூனைகளுக்கு அறிவிக்கும் விலங்கு அது. மனிதர் அதைக் கூண்டில் அடைத்தனர். உள்ளே நட்ட கொம்பில் அது தேய்த்ததை வழித்தெடுத்தனர். பல ஊர்களில் அந்தப் பொறுமைகூட இல்லை. விலங்கைப் பிடித்து அழுத்தி, பையையே பிதுக்கிச் சுரண்டினார்கள்.

மரநாய் இதற்கு நெருங்கிய சொந்தம். பூனை, கீரி, கழுதைப்புலி எல்லாம் தூரத்து உறவு. தென்கிழக்கு ஆசியாவின் லின்சாங் என்ற விலங்கையும் நெடுங்காலம் புனுகுப் பூனைக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். அது பூனைகளுக்கே மிக நெருக்கமானது என்று 2003இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது.

புனுகுக்கு விலை இருந்ததால் விலங்கே சரக்கானது. ஆசியாவின் சிறு புனுகுப் பூனை மனிதர் கையால் மடகாஸ்கருக்கும் சான்சிபாருக்கும் போய், அங்கே காட்டு விலங்காகவே நிலைத்துவிட்டது. லண்டனில், பின்னாளில் ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ, 1692இல் ஏறக்குறைய 70 புனுகுப் பூனைகளை வாங்கிப் பண்ணை நடத்த முயன்றார். அந்த ஆண்டே கடனில் மூழ்கித் திவாலானார்.

இந்த வணிகம் விட்டுச்சென்ற பெரிய புதிர் கேரளத்தில் இருக்கிறது. 1862இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் மலபார் புனுகுப் பூனையைத் தனி இனமாக விவரித்தார். பின்னர் அது அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1987இல் மலப்புரம் மாவட்டத்தில் தோல்கள் கிடைத்ததும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் காட்டில் உயிரோடு திரியும் ஒன்றை எந்தத் தானியங்கிக் கேமராவும் படம்பிடிக்கவில்லை. பழைய பதிவுகளை ஆராய்ந்த ஆர். நந்தினியும் திவ்யா முத்தப்பாவும் 2010இல் வேறொரு சாத்தியத்தை முன்வைத்தனர்: தென்கிழக்கு ஆசியாவின் பெரும்புள்ளிப் புனுகுப் பூனைகள் வணிகத்தோடு மலபார் துறைமுகங்களுக்கு வந்திருக்கலாம், அவையே தனி இனமாகக் கருதப்பட்டிருக்கலாம். மலபார் கரையின் வணிகத் தொடர்புகளை நினைத்தால் இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

1926இல் வேதியியலாளர் லியோபோல்ட் ருசிக்கா, புனுகின் மணப்பொருள் 17 கரி அணுக்கள் கொண்ட வளையம் என்று கண்டறிந்தார். அதைச் செயற்கையாகவும் தயாரிக்க முடிந்தது. இன்றைய வாசனைத் தொழிலுக்குக் கூண்டு விலங்கு தேவையே இல்லை. இனி ஒரு புனுகுப் பூனையைக்கூட இதற்காக அடைத்துவைப்பதில் நியாயமில்லை.