முடிவுறாத செப்டம்பர்

எங்கள் பங்கின் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு, இணையத்தில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது குறித்து ஒரு மணி நேரம் பேசுமாறு தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். இதைச் செய்யாதே, அதைத் தொடாதே என்று பட்டியல் வாசிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அத்தகைய பட்டியல்களைச் சுவரொட்டிகளில் அவர்கள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். எனவே வேறொரு வினாவை எனக்குள் எழுப்பிக்கொண்டேன். இந்நெறிகளை முதன்முதலில் வகுத்தவர்கள் யார்? அவற்றை யாருக்கு, எப்படிக் கற்பித்தார்கள்? தேடிப் படித்தபோது, ஒரு காலத்தில் இதற்கென நல்லாசிரியர்கள் இருந்தார்கள் என்பதும், பின்னர் ஒரு கட்டத்தில் கற்பிக்கும் வழக்கமே அறுந்துபோயிற்று என்பதும் தெரியவந்தன.

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்கட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவர் ஒரு திட்டம் தீட்டினர். தங்கள் கணிப்பொறியையும் அண்மையிலிருந்த மற்றொரு பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியையும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்து, எல்லாரும் படிக்கத்தக்க மடல்களைப் பரிமாறிக்கொள்வதே அத்திட்டம். 1980இல் செயலுக்கு வந்த இந்த அமைப்புக்கு யூஸ்நெட் என்று பெயர். காலப்போக்கில் அறிவியல், சமையல், சமயம், திரைப்படம் என ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு செய்திக் குழு உருவாயிற்று. ஒருவர் எழுதிய மடல் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி நகலாகி, பல ஊர்களைச் சென்றடைந்தது.

எழுதியவரின் முகமோ குரலோ அதனுடன் செல்லவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி அறிவிப்புப் பலகையில் நடந்த நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. அறுந்து விழும் மின்தூக்கிக்குள் ஒரு துளி பாதரசம் இருந்தால் என்னவாகும் என்று சிலர் இயற்பியல் புதிர் போட்டு விளையாடிக்கொண்டிருந்தனர். குறும்புக்காரர் ஒருவர், கட்டடத்திலுள்ள மின்தூக்கியில் பாதரசம் கலந்துவிட்டது, எச்சரிக்கை என்று எழுதிவிட்டார். முன்கதை அறியாதவர்கள் அதை மெய்யென நம்பினர். வேடிக்கைக்காக எழுதுவதை அடையாளம் காட்ட ஏதேனும் ஒரு குறி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன் என்ற ஆசிரியர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்துப் படுத்த நிலையில் சிரிக்கும் முகம் ஒன்றைப் பரிந்துரைத்தார். இன்று நம் பிள்ளைகள் அள்ளி வீசும் சிரிப்பு முகங்களின் மூதாதை அதுவே. விளையாட்டுப் பொருள்போல் தோன்றினும், தம் சொல் பிறரைப் புண்படுத்திவிடக் கூடாதே என்னும் கவலையிலிருந்துதான் அது பிறந்தது.

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இலையுதிர்காலத்தில், பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தை ஒட்டி, புதிய மாணவர்கள் வந்து சேர்வார்கள். அவர்களுக்குக் கணிப்பொறிக் கணக்கு வழங்கப்படும். உடனே யூஸ்நெட்டுக்குள் நுழைந்து, ஆயிரம் முறை கேட்கப்பட்ட வினாவை மீண்டும் கேட்பார்கள்; பெரிய எழுத்துகளிலேயே எழுதிக் கூச்சலிடுவார்கள்; வீண் சண்டை வளர்ப்பார்கள். பழைய உறுப்பினர்கள் ஆண்டுதோறும் இந்த வெள்ளத்தை எதிர்பார்த்தே இருந்தனர். புதியவர்களுக்கென்றே ஒரு தனிக் குழு இருந்தது. அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்கான விடைகள் அதில் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டன. சக் வான் ராஸ்பாக் என்பவர் எழுதிய அறிமுக ஏடு, மறுபுறத்தில் இருப்பவரும் மனிதரே என்பதை மறவாதீர் என்ற கருத்தை முன்வைத்தது. தவறு செய்தவருக்குத் தனி மடலில் அறிவுரை வரும். சில வாரங்களில் புதியவர்கள் அடங்குவார்கள், அல்லது விலகுவார்கள். அடுத்த ஆண்டு அவர்களே மூத்தவர்கள்.

கற்பித்தலில் நகைச்சுவையும் கலந்திருந்தது. 1922இல் வெளியான நன்னடத்தை நூலால் அமெரிக்க இல்லங்களில் புகழ்பெற்றவர் எமிலி போஸ்ட் அம்மையார். அவர் பெயரைச் சற்றே திரித்து, 'எமிலி போஸ்ட்நியூஸ்' என்ற கற்பனை அம்மையாரைப் பிராட் டெம்பிள்டன் உருவாக்கினார். இந்த அம்மையார் கேள்விக்கெல்லாம் நேர்மாறான அறிவுரையே வழங்குவார். படிப்பவர் சிரித்துக்கொண்டே தம் குற்றத்தைக் கண்டுகொள்வார். மறையுரையில் நான் இந்த உத்தியைக் கையாண்டதில்லை; துணிவும் இல்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. உறுப்பினர்களுள் பெரும்பாலோர் கல்லூரிகளையும் ஆய்வகங்களையும் சார்ந்த ஒரே வகுப்பினர். எல்லை மீறிய மாணவன்மீது பல்கலைக்கழகக் கணிப்பொறி அலுவலரிடம் புகார் போகும். அவன் கணக்கே பறிபோகலாம். அச்சமும் அங்கே ஓர் ஆசிரியராக இருந்தது. ஆயினும், முன் வந்தவர் பின் வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்னும் உணர்வு அங்கே உயிரோடு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

பிறகு 1993 வந்தது. கட்டணம் பெற்றுக் கணிப்பொறித் தொடர்பு வழங்கிய வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டின் கதவைத் திறக்கலாயின. 1994இன் தொடக்கத்தில் அமெரிக்கா ஆன்லைன் என்ற பெரு நிறுவனமும் திறந்தது. செப்டம்பரில் வந்த வெள்ளம் இப்போது எல்லா மாதங்களிலும் வந்தது. சொல்லிக்கொடுப்பவர் சிலர், வருபவர் பல்லாயிரம். 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று ஒருவர் கசப்போடு எழுதினார்; அச்சொல் நிலைத்துவிட்டது. புதியவர்களின் அறியாமையே காரணம் எனப் பழைய உறுப்பினர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்து மடல் வந்தது என்று பார்த்தே ஏளனம் செய்தவர்கள் அவர்களுள் இருந்தனர். ஏளனத்தால் கற்றவர் எவரும் இல்லை.

வாய்மொழி மரபு தளர்ந்ததும் எழுத்து விதிகள் பெருகின. 1994இல் வர்ஜீனியா ஷே இணைய நாகரிகம் பற்றித் தனி நூலே எழுதினார். 1995 அக்டோபரில் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த வழிகாட்டி ஏடு வெளிவந்தது. இணையத்தோடு சேர்ந்து வளர்ந்தவர்களுக்கு இவை தேவைப்படவில்லை, புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியுள்ளது என்ற பொருளில் அது தொடங்குகிறது. ஒரு குழுவில் எழுதுமுன் ஓரிரு மாதங்கள் படித்து மட்டும் பார்க்க வேண்டும் என்கிறது. அவையறிதல் என்று ஓர் அதிகாரமே கண்ட குறளின் மக்களுக்கு இது புதிதன்று. சினம் வந்தால் ஓர் இரவு கழித்துப் பதில் அனுப்பு. உனக்கென வந்த மடலைப் பொதுவில் வைக்குமுன் எழுதியவரின் இசைவைப் பெறு. அஞ்சலட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலிலும் எழுதாதே. இவை அந்த ஏடு கூறும் வேறு சில நெறிகள்.

அஞ்சலட்டை உவமையும் முழுமையானதன்று என்பது விரைவில் விளங்கிற்று. அஞ்சலட்டையைத் தபால்காரர் படிக்கலாம். ஆனால் நகலெடுத்து வைப்பதில்லை. யூஸ்நெட் மடல்கள் சில நாட்களில் அழிந்துவிடும் என்றே எழுதியவர்கள் எண்ணியிருந்தனர். ஆனால் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் என்பவர் 1981 முதல் அவற்றைக் காந்த நாடாக்களில் சேமித்துவந்தார். 1995இல் டேஜா நியூஸ் என்ற நிறுவனம் புதிய மடல்களைத் திரட்டி, பெயரைத் தட்டினால் எழுதியதெல்லாம் வந்து நிற்கும்படி செய்தது. 2001இல் கூகுள் அதனை வாங்கி, அந்தப் பழைய நாடாக்களில் இருந்தவற்றையும் சேர்த்துக்கொண்டது. இருபது வயதில் கோபத்தில் எழுதிய வரி, நாற்பது வயதில் எவரும் எடுத்துப் படிக்கக்கூடியதாயிற்று. யாரும் திருடவில்லை, அவரே பொதுவில் எழுதியதுதான். சூழல் மாறிற்று, அவ்வளவே.

இதே பாடத்தை அடுத்த தலைமுறை மாணவர்கள் 2006இல் கற்றனர். அதுவும் ஒரு செப்டம்பர். பேஸ்புக் அந்த மாதம் 5ஆம் நாள், நண்பர்களின் ஒவ்வொரு செயலையும் ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டத் தொடங்கியது. முன்பே தெரிந்திருந்த தகவல்கள்தாம். ஆயினும் சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் எதிர்த்தனர். நிறுவனர் மன்னிப்புக் கேட்டு, கட்டுப்பாட்டு வசதிகளைச் சேர்த்தார். தொகுப்போ நீங்கவில்லை. அதே மாத இறுதியில் 13 வயது நிரம்பிய எவருக்கும் அதன் வாயில் திறந்தது.

அந்த 13 என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1998இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், 13 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைப் பெற்றோர் இசைவின்றி நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்றது. கட்டுப்பாடு நிறுவனங்களின்மீதுதான். இசைவு பெறும் தொல்லைக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் பிறந்த ஆண்டைக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பிள்ளைகள் ஆண்டை மாற்றிப் போட்டார்கள். இணையத்தின் வாயிற்படியில் நம் குழந்தைகள் கற்கும் முதல் பாடம் பொய் சொல்வது; பக்கத்தில் அமர்ந்து அதைத் தட்டிக்கொடுக்கும் பெற்றோரையும் நான் அறிவேன்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் கிடைத்தது. அதாவது, மூத்தோர் கற்பிக்கும் வழக்கம் அறுந்த பிறகே நாம் உள்ளே சென்றோம். நமக்கு ஒரு செப்டம்பர் வாய்க்கவே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. நல்லதே. ஆனால் தோழியின் படத்தை அவளைக் கேளாமல் வகுப்புக் குழுவில் அனுப்பும் சிறுவனிடம் எந்தத் தீர்ப்பும் நேரில் வந்து பேசுவதில்லை.

குறித்த நாளில் வகுப்புக்குச் சென்றேன். அஞ்சலட்டை உவமையைச் சொன்னதும் ஒரு மாணவன் எழுந்து, "அஞ்சலட்டை என்றால் என்ன, ஃபாதர்?" என்று கேட்டான். பலரும் பார்த்ததில்லையாம். மறுவாரம் அஞ்சல் நிலையத்தில் நாற்பது அட்டைகள் வாங்கிச் சென்று ஆளுக்கொன்று கொடுத்து, நேற்று நண்பருக்கு அலைபேசியில் அனுப்பிய செய்தி ஒன்றை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினார்கள். பின்னர் அட்டையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள் என்றேன். சிலர் கொடுத்தார்கள். பலர் உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, தன் அட்டையில் இருப்பது தன்னைப் பற்றியதன்று, வேறொருத்தியைப் பற்றியது, அவளைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.