ஆடுகளத்து ஆசிரியர்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர் பெயர்களையே எழுதுகின்றனர். வென்றவருக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்போர் சிலரே. கோல்ப் ஆட்டத்தைப் பற்றி அவ்வாறு கேட்டால், முன்வரிசையில் நிற்கும் பெயர் ஹார்வி பெனிக் என்பதாகும்.

பரந்த புல்வெளியில் சிறு பந்தைக் கோலால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் இயன்ற அளவு குறைந்த அடிகளில் விழச் செய்வதே கோல்ப். ஆடுவோரின் கோல்கள் நிறைந்த பையைக் கூலிக்குச் சிறுவர்கள் சுமந்து செல்வது அந்நாளைய வழக்கம். 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் பிறந்த பெனிக், எட்டாம் வயதில் அந்நகரக் கழகத்தில் பை சுமக்கச் சேர்ந்தார். 1923இல், இருபது வயது நிரம்பும் முன்னரே, அதே கழகத்தின் தலைமைத் தொழில்முறை ஆட்டக்காரராக உயர்ந்தார்.

அவர் போட்டிகளிலும் ஆடி வந்தார். 1930களில் ஹூஸ்டன் நகரில் நடந்த போட்டி ஒன்று அவர் வாழ்வைத் திருப்பியது. அங்கே சாம் ஸ்னீடு என்னும் இளைஞர் பந்தை அடித்த ஓசை அவர் செவியில் விழுந்தது. அவ்வோசை ஒன்றே போதுமாயிற்று. அத்தகைய அடி தமக்கு ஒருநாளும் கைவராது என்று உணர்ந்தார். இனித் தம் பணி கற்பிப்பதே என்று துணிந்தார்.

இதனைத் தோல்வி என்று கொள்ளலாமா? ஆட இயலாதவன் கற்பிக்கப் புகுந்தான் என்று நகைப்போரும் உண்டு அன்றோ? அதற்கு விடை அவருடைய மாணவர்களே. 1931 முதல் 1963 வரை டெக்சாஸ் பல்கலைக்கழக கோல்ப் குழுவை அவர் பயிற்றுவித்தார். பெண்கள் ஆட்டத்திலும் பலர் அவரை நாடி வந்தனர். அவர்களுள் நியூ மெக்சிகோவிலிருந்து பதினேழு வயதில் வந்த கேத்தி விட்வொர்த், பின்னாளில் 88 தொழில்முறைப் போட்டிகளில் வென்றார். பெனிக்கை வியக்க வைத்த ஸ்னீடின் வெற்றிகளோ 82!

அவர் கற்பித்த முறை எளியது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை அறிந்தவர் அவர். ஒரு நாளில் ஒரு சிறு திருத்தமே சொல்வார். ஆஸ்டினில் அவரிடம் பயின்ற டாம் கைட், பென் கிரென்ஷா ஆகிய இருவரும் இயல்பால் வேறுபட்டவர்கள். கைட், அயராப் பயிற்சியால் முன்னேறியவர். கிரென்ஷா, இயற்கைத் திறன் வாய்ந்தவர். ஒருவருக்குச் சொல்லும் பாடத்தை மற்றவர் காணவும் பெனிக் இடம் தரவில்லை. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குக் கேடாகலாம் என்பதே அவர் கருத்து.

தாம் கண்டறிந்தவற்றை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒரு சிவப்புக் குறிப்பேட்டில் எழுதி வந்தார். அதனைத் தம் மகனுக்கன்றி எவருக்கும் காட்டவில்லை. முதுமையில், பட் ஷ்ரேக் என்னும் எழுத்தாளரின் துணையோடு அது 1992இல் நூலாயிற்று. பதிப்பகத்தார் 90,000 டாலர் முன்பணம் என்றதும், அத்தொகையைத் தாம் செலுத்த வேண்டும் போலும் என்று எண்ணி அம்முதியவர் கலங்கினாராம்! நூலோ பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது. அதே ஆண்டில் கைட் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார்.

1995 ஏப்ரல் 2ஆம் நாள் பெனிக் மறைந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன், தம்மைக் காண வந்த கிரென்ஷாவுக்குப் படுக்கையில் இருந்தவாறே கடைசிப் பாடம் சொன்னார். 5ஆம் நாள் கிரென்ஷாவும் கைட்டும் ஆசிரியரின் உடலைச் சுமந்தனர். மறுநாள் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கியது. 9ஆம் நாள், நாற்பத்து மூன்று வயதான கிரென்ஷா ஓர் அடி வேறுபாட்டில் அதனை வென்று, புல்தரையில் குனிந்து கண்ணீர் விட்டார்.

கோல்ப் விதிப்படி ஆட்டக்காரரின் பையில் 14 கோல்களே இருக்கலாம். அந்த வாரம் தம் பையில் பதினைந்தாவது கோல் ஒன்று இருந்தது என்றார் கிரென்ஷா. அவர் குறித்தது தம் ஆசிரியரையே. சிறுவனாய்ப் பிறர் பையைச் சுமந்தவர், இறுதியில் மாணவனின் பையில் இடம் பெற்றார். கற்பிப்பவருக்கு இதனினும் பெரிய பட்டம் எது?