திரபுந்தோ

திரபுந்தோ என்பது இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்து, தையல் கோடுகளுக்கு இடையே பின்புறமிருந்து பஞ்சையோ நூலையோ திணித்து, முன்புறத்தில் உருவங்களைப் புடைக்கச் செய்யும் கைத்தையல் முறை ஆகும். இத்தாலிய மொழிச் சொல்லான இது ஊசியால் குத்தித் தைப்பதைக் குறிக்கும். சாதாரணப் பஞ்சுப் போர்வையில் பஞ்சு எங்கும் ஒரே சீராகப் பரப்பப்படும்; இதில் உருவம் உள்ள இடம் மட்டுமே நிரப்பப்படுகிறது. வழக்கமான பூத்தையலில் நிறம் காட்டுவதை இங்கு நிழல் காட்டுகிறது. எனவே வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கொண்டு தைப்பதே பெருவழக்கு. திருமணப் போர்வை, குழந்தைப் போர்வை, தலையணை உறை முதலிய அன்பளிப்புகள் இவ்வாறு செய்யப்படுகின்றன.

செய்முறை

மேல்துணி நெருக்கமான நெசவும், அடித்துணி தளர்ந்த நெசவும் கொண்டிருக்க வேண்டும். இந்த வேறுபாடே இம்முறையின் அடிப்படை. தளர்ந்த துணி நிரப்புவதற்கு இடம் தருவதோடு, உள்ளே வைத்த பஞ்சு முன்பக்கமாக எழும்ப வேண்டுமெனில், பின்துணி அதைத் தாங்கி நிற்கவும் வேண்டும். ஆகவே மிக மெலிந்த துணியும் உதவாது.

வரைந்த கோடுகளின் மீது ஓட்டத் தையல் அல்லது பின் தையல் இடப்படும். பின்னர் அடித்துணியின் இழைகளை ஊசியால் விலக்கியோ, சிறு கீறல் இட்டோ பஞ்சு செலுத்தப்படும். இழைகள் மீண்டும் பழைய நிலைக்குத் தள்ளப்படும்; கீறல் தைத்து மூடப்படும். கொடி, காம்பு போன்ற ஒடுங்கிய பகுதிகளில், இரு இணைகோடுகளுக்கு நடுவே மழுங்கிய முனையுள்ள பருத்த ஊசியால் கம்பளி அல்லது பருத்தி நூல் கோக்கப்படும். வளைவு திரும்பும் இடத்தில் ஊசியை வெளியே எடுத்து, நூலைச் சிறிது தளர்வாக விட்டு, அதே துளையில் மீண்டும் செலுத்துவர். இல்லாவிடில் துணி சுருங்கும்.

நிறையத் திணித்தால் நன்றாகப் புடைக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அளவு மீறினால் சுற்றியுள்ள துணி இழுபட்டு, போர்வை தட்டையாகக் கிடக்காது. நிரப்பும் நூலை முன்கூட்டியே நனைத்து உலர்த்துவதும் அவசியம்; தைத்த பிறகு சுருங்கினால் சரிசெய்ய வழியில்லை.

வரலாறு

இன்று எஞ்சியுள்ளவற்றுள் புகழ்பெற்றவை, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்யப்பட்ட திரிசுத்தான் போர்வைகள். ஒன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், மற்றொன்று புளோரன்சின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. லினன் துணியில் பருத்திப் பஞ்சு நிரப்பி, திரிசுத்தான் கதையின் காட்சிகள் சிசிலிய மொழி வாசகங்களுடன் தைக்கப்பட்டுள்ளன. வீரனின் கேடயத்தில் காணப்படும் வேட்டைக் கொம்புகள் புளோரன்சின் குயிச்சார்தினி குடும்பச் சின்னம் என்பதால், 1395இல் அக்குடும்பத்தில் நடந்த திருமணத்துக்கான பரிசு என்ற கருத்து உண்டு. சின்னம் ஒன்றை மட்டும் வைத்து இதை முடிவான சான்றாகக் கொள்ள முடியாது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து இத்தகைய தையல் பொருட்கள் பெருமளவில் ஏற்றுமதியாயின. அப்பகுதியின் பூத்தி எனும் வகையில் இரு துணிகளும் மெல்லிய பருத்தியாகவே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நிரப்பாத இடங்களில் ஒளி ஊடுருவும். 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இதன் தோற்றத்தைத் தறியில் நெய்யத் தொடங்கினர். அத்துணி மார்செல்லா எனப்பட்டது. அது கைத்தையலின் தோற்றத்தை ஒத்திருந்தது.

இன்றைய முறைகள்

தையல் இயந்திரத்தில் செய்யும்போது கீறல் தேவைப்படுவதில்லை. உருவத்தின் பின்னே தடித்த பஞ்சு விரிப்பை வைத்து, நீரில் கரையும் நூலால் ஓரம் தைத்து, மிகுந்த பஞ்சு வெட்டி நீக்கப்படும். பின்னர் முழுப் போர்வையும் சாதாரண நூலால் தைக்கப்படும். முதல் சலவையில் கரையும் நூல் மறைந்துவிடும். அதுவரை போர்வை நனையாமல் இருக்க வேண்டும்.