தோம்பில் இல்லாத பெயர்

மருதானைச் சந்தியிலிருந்து பஞ்சிகாவத்தை, ஆமர் வீதி வழியாக நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் தூரமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரியோடு நிற்பவர்களில் திருநீறு பூசியவர்களும் உண்டு. விகாரைக்குப் போய்விட்டு வந்தவர்களும் உண்டு. இவர்களில் யார் உண்மையான கிறிஸ்தவர் என்று வாசலில் நின்று கணக்கெடுக்க முடியுமா? அப்படிக் கணக்கெடுத்த ஓர் அரசு இந்த நாட்டில் இருந்தது, நேயர்களே.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. தங்களுடைய புரட்டஸ்தாந்து சபையில் ஞானஸ்நானம் பெற்றவனுக்கே உத்தியோகம். அங்கே எழுதிய விவாகமே செல்லும். முதுசத்துக்கும் அதுவே அத்தாட்சி. பள்ளிக்கூடங்கள்தோறும் தோம்பு வைத்துப் பெயர்களை எழுதினார்கள். தோம்பில் ஒரு சமயம், வீட்டில் வேறொரு சமயம் என்று வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? காணி போனால் சோறும் போய்விடும்.

அந்தக் காலத்தில்தான், 1687 இல், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் இங்கே வந்து சேர்ந்தார். கொங்கணிப் பிராமண வம்சத்துக் கத்தோலிக்கர். அங்கியைக் களைந்துவிட்டுக் கூலிக்காரன் கோலத்தில், யோன் என்ற இளைஞன் ஒருவனை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு, தூத்துக்குடி வழியாகத் தோணி ஏறினார். வழியில் வயிற்றோட்டம் கண்டு உயிர் ஊசலாடியது. யாழ்ப்பாணத்தில் சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். இராக்காலங்களில் வீடு வீடாகப் பூசை நடந்தது. 1689 நத்தார் இரவில் சிப்பாய்கள் வீடுகளைச் சூழ்ந்தபோது அடிகளார் தப்பிவிட்டார், அகப்பட்டவர்கள் ஊர்மக்களே. அவர்களில் சாட்டையடியால் உயிர் நீத்தவர் உண்டு. சீடன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிகளாரைவிட இவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அவருக்காவது துறவியின் விரதம் இருந்தது. இவர்களுக்கு மனைவி மக்கள் இருந்தார்கள்.

அடிகளார் புத்தளம் போய் அங்கிருந்து 1692 இல் கண்டிக்குப் போனார். ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். சிறையிலிருந்தபடியே சிங்களம் படித்தார். 1697 இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் நகரை விட்டு நீங்கினான். நோய் கண்டவர்களை உற்றாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளார் அவர்களுக்குக் குடில் போட்டு, கஞ்சியும் தண்ணீரும் சுமந்து, புண்களைக் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார். அவர்களில் பெரும்பாலானோர் பௌத்தர்கள். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் தன் இராச்சியத்தில் அவர் நடமாட அனுமதி கொடுத்தது தர்க்கத்தில் தோற்றதனால் அல்ல. மேற்றிராணியார் நிலைக்கு உயர்த்த முயன்றபோது அடிகளார் மறுத்துவிட்டார். 1705 இல் அவருக்கு உதவியாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' இன்றும் தபசு காலத்தில் நம் கோவில்களில் ஒலிக்கிறது.

ஒல்லாந்தரை முற்றாகப் பழிப்பதும் நியாயமல்ல. கொழும்பில் அச்சுக்கூடம் அமைத்துத் தமிழில் நூல்கள் பதிப்பித்தவர்கள் அவர்கள். 1759 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்த பிலிப்பு தெ மெல்லோ கொழும்பிலே பிறந்தவர். அவருடைய விசுவாசத்தில் யார் குறை காண முடியும்? ஆனால் ஆங்கிலேயர் வந்து, 1806 இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, தோம்புக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கலைந்து தத்தம் வழியே போய்விட்டார்கள். அடிகளார் மறைவாகத் திரிந்த ஊர்களிலோ, பூசை தொடர்ந்தது.

யோசப் வாஸ் அடிகளார் 1711 சனவரி 16 ஆந் திகதி கண்டியில் காலமானார். 2015 சனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிசு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஒல்லாந்தரின் தோம்புகள் கொழும்புச் சுவடிக்கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அடிகளாரின் கல்லறையைக் கண்டியில் தேடியவர்களுக்கு அது அகப்படவில்லை.